ரவியின் வயது வேண்டாம்

கிள்ளானில் ரயில் ஏறினேன். எதிரே ஒரு புருஷன் பெண்டாட்டி. வேலைப் பரீட்சைக்குப் போகும் அந்த அக்கா மடியில் கேள்விப் புத்தகம். அண்ணன் அதை எட்டிப் பார்த்துக் கேள்வியைப் படித்தார்.

“கலா, ரவி சிவாவ விட மூணு வயசு மூப்பு. சரி, ரவிக்கு என்ன வயசு?”

“அது வேணாங்க.”

“கேள்வியே அதான லா!”

“குடுத்த தகவல் போதுமா, போதாதான்னு மட்டும்தான் சொல்லணும்.”

“போதும்னா வயச கண்டுபிடிச்சிட வேண்டியதுதான?”

“போன தடவ அப்படித்தான் எல்லாரு வயசையும் கண்டுபிடிச்சேன். பாதியிலயே டைம் முடிஞ்சிருச்சு. இதுவும் ஃபெயிலானா மறுபடி சுங்கை வே ஃபேக்டரி வேலைதான்.”

ஆறாம் வகுப்போடு நின்ற என் தலை கிறுகிறுத்தது.

ரயில் நடுவழியில் நின்றது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்து மணிக்குப் பரீட்சை. ரயில் நின்னுருச்சு. நேரத்துக்குப் போயிருவோமா?”

“தகவல் போதாதுங்க. எப்ப கெளம்பும்னு தெரியணும்.”

“பாத்தியா! கணக்கே போடாம சொல்லிட்ட!”

அக்கா சிரித்துப் புத்தகத்தை மூடினார். ரயில் நகர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருவரும் இறங்கி ஓடினார்கள்.

நானும் அங்கேதான் இறங்க வேண்டும். ரவிக்கு என்ன வயது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.