ரிவர்ஸ் கியர்ல அடிச்ச ஆணி

வணக்கமுங்க. எல்லாரும் சௌக்கியந்தானுங்களா? கை காலு மூட்டு வலி எல்லாம் பரவாயில்லைங்களா? தனியாப் படிக்காதீங்க சாமி, ஊட்டு ஆளுங்களோட ஒட்டி உக்காந்துக்கங்க. இது என் சிநேகிதி பொன்னாயியோட மருமகன் மருதாசலத்துக்கு நடந்தது. போன சித்திரையில.

உச்சி நேரம்... எடப்பாடியில இருந்து ஜலகண்டாபுரம் போற ரோடு. அனல்ல ஒரு காக்கா குருவி இல்ல. அங்கதான் மருதாசலத்தோட கார் பட்டறை. கரண்டு வேற போயிருச்சு. சுத்துவட்டாரத்துல அத்தனை தறியும் நின்னு... காது அடைச்சாப்புல ஆயிருச்சு.

அப்பத்தான் தறி மொதலாளி செங்கோடன் காரைக் கொண்டாந்தான். ரிவர்ஸ் கியர் விழுகறதே இல்ல, வாங்கற ஆளு சாயங்காலம் வர்றாங்க, அதுக்குள்ள சரி பண்ணோணும்னான்.

ஏன் விழுகலைன்னு அவனுக்குத் தெரியுமுங்க. பூசாரி ஒருத்தரு பின்னால சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. அவன் தறியில வேலை செஞ்ச குப்பாயி மேல இந்தக் காரை ரிவர்ஸ் எடுக்கையில ஏத்திட்டான். மொத ஏறுனது தெரியாம. உசுரு இருக்குதுன்னு பாத்துட்டு மறுக்கா ஏத்துனது... தெரிஞ்சே. லாரி அடிச்சிருச்சுன்னு சொல்லி முடிச்சுட்டான்.

அப்பறம் காரு தானாப் பின்னால நகர ஆரம்பிச்சுச்சு. பேயைக் கட்ட அந்தப் பூசாரியைக் கூட்டியாந்தான். பேயைக் கட்டறதுன்னா புளியமரத்துலதானுங்க ஆணி அடிப்பாங்க. இவன், மரத்துல அடிச்சா என் காட்டுலயே கெடப்பா, கார்ல அடிங்க, வித்துட்டா அவளும் கூடவே போயிருவான்னான். ஆணி அடிச்சதுல ரிவர்ஸும் நின்னுபோச்சு, ரிவர்ஸ் இல்லாத காரை ஆரும் வாங்க மாட்டாங்க. பட்டப்பகல்ல ஆணியைப் புடுங்குனா அவ என்ன பண்ணிருவான்னு வந்துட்டான். உச்சி நேரமும் அவுங்க நேரந்தான்னு நெனைக்கல.

மருதாசலம் காருக்கு அடியில இருக்கற பட்டறைக் குழிக்குள்ள எறங்கிப் பாத்தாரு. கியர் ராடைப் புடிச்சிருக்கற பின்... கம்பெனிப் பின்னே இல்ல. கருப்பா ஒரு ஆணி. செவப்பு நூலு சுத்தியிருக்குது. டீசல் ஊத்துனாரு. நெருப்புல காய்ச்சுனாரு. சுத்தியில தட்டுனாரு. டங்... டங்... அசையல. டீசல் நாத்தத்துக்குள்ள மஞ்சத்தண்ணி வாசம் அடிக்குது.

இது என்ன ஆணின்னு கேட்டாரு. காருக்குப் பின்னால நின்னுட்டிருந்த செங்கோடன், "ஒரு பின்னைக் கழட்டத் துப்பில்ல, உனக்கெதுக்குடா பட்டறை"ன்னான்.

அப்ப தலைக்கு மேல, காருக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரலு. பையத்தான்.

"இன்னொரு அடி போடுங்க சாமி."

காருக்குள்ள ஆரும் இல்லைங்க. பயத்துல கை தானா ஓங்கிருச்சு. டங். ஆணி வழுக்கிட்டு வந்து கையில விழுந்துச்சு. காய்ச்சுன ஆணி... சில்லுனு இருந்துச்சாம்.

மேல கியர் விழுந்த சத்தம். டொக்.

இஞ்சின் ஓடல. சாவி மருதாசலம் சட்டைப் பையில. பட்டறையில இருந்து ரோட்டுக்கு மேடு. அந்த மேட்டுல காரு பின்னாலயே ஏறுச்சு. செங்கோடன் நகுந்துக்கப் பாத்தான்... நகுந்த பக்கமே திரும்புச்சு. ஒருக்கா ஏறுச்சு. முன்னால வந்து நின்னுச்சு. அவன் மொனகறது கேட்டுச்சு. மறுக்கா... பையப் பைய ஏறுச்சு.

அத்தோட மருதாசலம் பட்டறையைத் தொறக்கறதே இல்ல. உங்க பக்கமும் இந்த மாதிரி எதாச்சும் நடந்திருந்தா எழுதிப் போடுங்க சாமி, நான் எல்லாத்தையும் படிக்கறேன்.

அட, ஒன்னைச் சொல்லாம உட்டுட்டேன் பாருங்க. போலீசு வந்து கார்க் கதவைத் தொறந்தாங்களா... டிரைவர் சீட்டு ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால இழுத்திருந்துச்சாம். செங்கோடன் ஆறடி ஆளுங்க.

குப்பாயிதான் குட்டை.