முப்பத்தொன்றாம் எண் வீட்டு ஜன்னலும் என் வெள்ளைக் கையுறையும்

கான்ஸஸ் மாகாணம், லேத்ராப் ராணுவ முகாம். 2003 செப்டம்பர் 9, காலை பத்து மணி. விசாரணை அதிகாரி முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ், தகப்பனார் பெயர் ஆர்வில் ஹாஸ்கின்ஸ், வயது 58, முகாம் வாசலுக்கு வெளியே மில் சாலை ஏழாம் எண் வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்று, அதன் பிறகு பதினான்கு வருடமாக இதே முகாமின் குடும்பக் குடியிருப்புப் பிரிவில் வீட்டுச் சோதகராக வேலை பார்க்கிறேன். சுற்றுச்சூழல் ஆய்வாளர் ஒடெட்டா ப்ரூயிட் அம்மையார் இங்குள்ள பெண்களைத் தூண்டி வீடுகளை வேண்டுமென்றே அழுக்காக்கி ஆய்வு முடிவைத் திரித்தார் என்று, வீடுகளை எடுத்து நடத்தவிருக்கும் கம்பெனி கொடுத்த புகார் சம்பந்தமாக என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது. அந்தப் புகார் நிலைத்தால் அவருடைய இரண்டாவது ஆய்வு தள்ளுபடியாகும் என்பதும், முதல் ஆய்வின்படி முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் பழைய ஜன்னல்களோடு அப்படியே கைமாறும் என்பதும், அவற்றில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் வேறு முகாமுக்கு மாறிப் போகும்போது வீட்டைக் காலி செய்யும் முன் நான் போவேன். வலது கையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கதவு நிலையின் மேல்பக்கம், குளிர்பெட்டியின் பின்பக்கம், ஜன்னல் திண்டு எல்லாவற்றிலும் தடவிப் பார்ப்பேன். கையுறையில் கறை பட்டால் வீடு தேறவில்லை என்று அர்த்தம், மறுபடி தேய்த்துக் கழுவியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, குடியிருக்கும் வீடுகளுக்கும் முன்கூட்டியே மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துச் சோதனைக்குப் போவேன், தேறாத வீட்டுக்குச் சிவப்புச் சீட்டு எழுதுவேன், அது புருஷனுடைய மேலதிகாரிக்குப் போகும். குடியிருப்பில் எனக்குப் பட்டப்பெயர் 'கையுறை'. நான் தெருவில் திரும்பினால் "கையுறை வருதுடி" என்று ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தகவல் போய்விடும். அதில் எனக்குப் பெருமைதான் இருந்தது, மறைப்பானேன்.

இந்த வருடம் மார்ச் மாதம், குடும்ப வீடுகள் அனைத்தும் ஐம்பது வருடக் குத்தகையாகத் தனியார் கம்பெனிக்குப் போகப்போவதாகவும், போவதற்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. அதன் பிறகு ப்ரூயிட் அம்மையார் ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், குள்ளமான ஆள், முழங்காலில் தோல் பட்டை கட்டியிருந்தார். எதற்கு அது என்று கேட்டேன். "நான் பாக்கறது எல்லாம் தரையிலதான் சார்ஜென்ட் இருக்கு" என்றார். வந்த அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என் வீடுகளில் இன்னொருவர் வந்து தூசி தேடுவதா என்றிருந்தது.

வீடுகள் எல்லாம் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டவை, மேலே தூக்கி இறக்கும் மர ஜன்னல்கள், அடியில் பழைய ஈயப் பெயின்ட், அது சின்னக் குழந்தைகளுக்கு விஷம். இருபத்துநான்கு வீடுகளில் தரையையும் ஜன்னல் திண்டையும் ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தூசியில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பது அவர் வேலை. அனுமதித்த அளவுக்குள் இருந்தால் வீடுகள் இருந்தபடியே கைமாறும். மீறினால் ஒவ்வொரு ஜன்னலையும் கழற்றி மாற்றிய பிறகுதான் மாறும். குடியிருப்பவர்களுக்குத் தகவல் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் என் மேஜையில் இருந்த மஞ்சள் நோட்டீஸிலேயே ஏப்ரல் 22 என்று தேதி போட்டு இருபத்துநான்கு வீட்டுக்கும் கொடுத்தேன். இதை நான் யாரும் சொல்லாமல் நானாகவே செய்தேன்.

அந்தத் தேதியில் நாங்கள் இருவரும் போனோம். ஒவ்வொரு வீடும் கண்ணைப் பறித்தது. தெரு முனையிலேயே ப்ளீச் வாசனை. பதினான்காம் எண் வீட்டில் டன்லப் சார்ஜென்ட்டின் மனைவி, இரட்டைப் பிள்ளைகளின் தாய், ஜன்னல் இடுக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து முடித்து, பிரஷ்ஷை எனக்குக் காட்டுவதற்காகவே கையில் வைத்திருந்தார்.

"கையுறை போட்டுப் பாருங்க சார்ஜென்ட். இன்னைக்கு உங்களுக்கு எழுத ஒண்ணும் கெடைக்காது."

"பாக்கறேன், பாக்கறேன். போன தடவை அடுப்புக்குப் பின்னாடி ஒரு வறுத்த உருளைக்கிழங்கு கெடந்துச்சே."

"அது உங்களுக்குன்னு எடுத்து வெச்சதாக்கும்."

ப்ரூயிட் அம்மையார் சிரித்தபடியே தாளை ஒற்றி எடுத்து, சீசாவில் போட்டு, எண் எழுதினார். இப்படியே இருபத்துமூன்று வீடு. கடைசி வீடு கியர்னி தெரு முப்பத்தொன்று, லூசெரோ குடும்பத்தின் வீடு. புருஷன் பிப்ரவரியில் ஈராக் போய்விட்டான். மனைவி மரீசா லூசெரோ முகாமின் மளிகைக் கடையில் பகல் வேலை, இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பெயர் இனேஸ். அங்கே ஜன்னல் திண்டில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. நான் கையுறையால் இழுத்துக் காட்டினேன். விரல் கருத்துப் போனது.

"நோட்டீஸ் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார்ஜென்ட். ரெண்டு ஷிப்ட் பாத்தேன், முடியல. ஆனா இதைக் காலையிலயும் தொடைப்பேன், சாயங்காலமும் தொடைப்பேன். ஜன்னலைத் தொறந்து மூடுனா மறுபடி அதே எடத்துல வந்து உக்காந்துக்குது."

"தூசிக்குக் காலு முளைச்சிருக்கா? ஒழுங்காத் தொடைக்கற வீட்டுல அது வராதும்மா."

இந்த வார்த்தையை அந்தக் குழந்தையின் முன்னால், வெளியூர்ப் பெண்மணி ஒருவரின் முன்னால் நான் சொன்னேன். அதன் பிறகு சிவப்புச் சீட்டு எழுதினேன். திண்டின் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்து வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. 'அரசாங்க ஜன்னலுக்குச் சேதம்' என்று அதையும் சீட்டில் சேர்த்தேன். ப்ரூயிட் அம்மையார் முழங்காலிட்டு அந்தப் பள்ளங்களை விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு குழந்தையின் வாயைப் பார்த்தார். அவை பல் தடங்கள். அம்மையார் அந்த ஜன்னலை மூன்று முறை தூக்கி இறக்கினார். துடைத்து முடித்த திண்டில் மறுபடி சாம்பல் நிறத் தூசி விழுந்தது. பிறகு லூசெரோவிடம், "நாளைக்கே பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் ரத்தத்துல ஈயம் பாக்கச் சொல்லும்மா, தள்ளிப் போடாத" என்றார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இருபத்துமூன்று வீடு சுத்தம், முப்பத்தொன்று மட்டும் அளவைப் போல நாலு மடங்கு. முகாம் கர்னலின் அறையில் கூட்டம் நடந்தது. கம்பெனி சார்பில் வந்திருந்த விட்லாக் என்பவர், அது ஒரு சோம்பேறிப் பெண்ணின் வீடு, அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார். அதற்கு அத்தாட்சியாக என் சிவப்புச் சீட்டை மேஜையில் வைத்தார். உங்கள் சீட்டுத்தானே என்று கர்னல் கேட்டார். ஆமாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் ப்ரூயிட் அம்மையார் என்னைத் தன் வண்டியருகே கூப்பிட்டு, வீடுகளுக்குக் கொடுத்த நோட்டீஸில் ஒன்று வேண்டும் என்றார். கொடுத்தேன். வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து படித்தார்.

"இந்தக் காயிதம் கதவுல வந்தா உங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க சார்ஜென்ட்?"

"தேய்ச்சுக் கழுவுவாங்க. வேற என்ன பண்ணுவாங்க?"

"எத்தனை நாளு?"

"நல்ல குடும்பம்னா மூணு நாளு."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப நாம வீட்டைச் சோதிக்கல. உங்க பொண்ணுங்களோட கையைச் சோதிச்சிருக்கோம். அதுங்க எல்லாம் பாஸ். ஜன்னல் பாஸான்னு யாருக்கும் தெரியாது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு எந்த ஊரிலாவது ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் வீட்டை அப்படியே போட்டிருப்பார்கள். எங்கள் பெண்களைப் பதினான்கு வருடமாகப் பயமுறுத்தி வைத்திருந்தவன் நான்.

அவர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அவருடைய மேலாளரே போனில் சத்தம் போட்டதை வண்டிக்கு வெளியே நின்று நான் கேட்டேன். அவர் மறுநாள் தன் முடிவைத் தானே வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை ஜூலையில்தான் படித்தேன். 'முன்னறிவிப்புக் கொடுத்த முறையில் நேர்ந்த தவறு என்னுடையது' என்று எழுதியிருந்தார். என் பெயர் அதில் எந்த இடத்திலும் இல்லை. பட்டாளத்தில் பெரிய பெரிய ஆட்களின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன், கீழே இருப்பவன் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் ஒருவர் என் நினைவில் இல்லை.

இரண்டாவது ஆய்வுக்கு அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. தொடைன்னும் சொல்லாதீங்க, தொடைக்காதன்னும் சொல்லாதீங்க. தேதி வேண்டாம்." இதை நான் மீறினேன். ஒரு முறை ஆய்வு நடந்த பிறகு தேதி சொல்லாவிட்டாலும் எங்கள் பெண்கள் தினமும் தேய்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மே 31 அன்று அவர் ஊரில் இல்லாதபோது நானாகப் பெண்களைச் சமூகக் கூடத்துக்கு வரச் சொல்லி, இந்தக் கோடை முழுக்கச் சோதனை கிடையாது, சிவப்புச் சீட்டு கிடையாது, நான் செத்துப் போனால் எப்படி வீட்டை வைத்துக்கொள்வீர்களோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"நெஜமாவே செத்தீங்கன்னா பெட்டியை நல்லாத் தொடைச்சுட்டுத்தான் வைப்போம் சார்ஜென்ட்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. டன்லப் மனைவி மட்டும் எழுந்து, "இது ஏதோ பொறி. நான் எப்பவும் போல சனிக்கிழமை தேய்க்கத்தான் போறேன்" என்றார். சரி என்றேன். ஆகவே பெண்களிடம் பேசியது யார் என்று கேட்டால் நான்தான். அழுக்காக்கச் சொல்லவில்லை. ப்ரூயிட் அம்மையாருக்கு அது தெரியவும் தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை, அவர் யாருக்கும் சொல்லாமல் வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு அதே இருபத்துநான்கு வீடுகளில் தூசி எடுத்தார். பத்தொன்பது வீடுகள் அளவை மீறின. பெண்கள் வேண்டுமென்றே அழுக்காக்கினார்கள் என்பது விட்லாக்கின் வாதம். அதற்கு என் பதில் பதினான்காம் எண் வீடு. சொன்னபடியே டன்லப் மனைவி சனிக்கிழமை தேய்த்திருந்தார், பக்கத்து வீட்டார் சாட்சி. செவ்வாய்க்கிழமை என் கையுறைக்கே அங்கே மெல்லிய கோடுதான் பட்டது. ஆனால் பரிசோதனையில் அந்த வீட்டு ஜன்னல் அளவைப் போல இரண்டு மடங்கு. இந்த முகாமிலேயே சுத்தமான வீடு அது, எது சுத்தமான வீடு என்று சொல்வது ஒன்றில்தான் எனக்கு நிபுணத்துவம். ஜன்னலைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் மரம் மரத்தோடு உரசி ஈயத்தைக் கொட்டுகிறது. தேய்த்தால் மூன்று நாளைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று டன்லப் மனைவி ஒரு பெரிய தட்டு நிறைய மாக்கரோனி சமைத்து எடுத்துக்கொண்டு கியர்னி தெரு முப்பத்தொன்றுக்குப் போனார். நான் எதிர் வீட்டுக் குழாயைப் பார்க்க வந்திருந்தேன். மே மாதத்திலிருந்து தெருவில் ஒருவரும் லூசெரோவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் என் சீட்டின் காரணமாக. கதவு திறந்ததும் டன்லப் மனைவி தட்டை நீட்டி, "எங்க வீட்டு ஜன்னலும் அதேதான்டி. என் பசங்களையும் நாளைக்கு ரத்தம் பாக்கக் கூட்டிட்டுப் போறேன். நீயும் கூட வரியா? எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு" என்றார். லூசெரோ தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். நான் குழாயைத் திருகுவது போலக் குனிந்துகொண்டேன்.

இனேஸின் ரத்தத்தில் ஈயம் இருந்தது என்பதும், ஏப்ரல் மாதமே ஆஸ்பத்திரிக்குப் போனதால் நேரத்தோடு கண்டுபிடித்தார்கள் என்பதும், குழந்தையும் தாயும் இப்போது புது ஜன்னல் போட்ட வீட்டில் இருக்கிறார்கள் என்பதும், அளவு இறங்கி வருகிறது என்பதும் லூசெரோ சொல்லித் தெரியும். ப்ரூயிட் அம்மையார் அன்று முழங்காலிட்டிருக்காவிட்டால் இது நடந்திருக்காது. ஏப்ரல் 22 அன்று நான் போட்டிருந்த கையுறையைத் துவைக்கவில்லை, சிவப்புச் சீட்டின் நகலோடு உறையில் போட்டு வைத்திருந்தேன். இரண்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். கையுறையில் இருப்பதைச் சோதித்துக்கொள்ளலாம். சீட்டை ரத்து செய்து அதற்கான கடிதத்தை லூசெரோவின் புருஷனுடைய படைப்பிரிவுக்கு அனுப்ப வேண்டுகிறேன். நோட்டீஸ் கொடுத்த குற்றமும், கூடத்தில் பேசிய குற்றமும் என்னுடையவை, அவற்றுக்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், ஒருவரும் மிரட்டவில்லை, ஒருவரும் ஆசை காட்டவில்லை, நடந்தது நடந்தபடி இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம் உண்டு. முப்பத்தொன்றாம் எண் வீட்டைப் பற்றி வரும் இடத்தில் 'அந்த அழுக்கு வீடு' என்று இருந்தது. எழுதிய அதிகாரி மேல் தப்பில்லை, பழக்கத்தில் என் வாயில் வந்ததைத்தான் அவர் எழுதினார். அதை அடித்துவிட்டு 'லூசெரோ குடும்பத்தின் வீடு' என்று என் கைப்பட எழுதி, ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்துகளை இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ்