பேர் வைக்காத எஞ்சின்

போடிக்கு ரயில் விட்ட புதிது. எனக்கு எதிரே ஒரு சம்சாரியும் எஞ்சின் ஷெட் தொழிலாளி ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னிக்கு நம்மள இழுக்குறது மாயாண்டியா?" என்றார் சம்சாரி.

"இல்லண்ணே, இது புது எஞ்சின். இன்னும் ஆளடிக்கல. அதான் பேர் வைக்கல."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். வண்டிக்குள் இருப்பவனை எஞ்சின் அடிக்காது என்பது என் காலுக்குத் தெரியவில்லை.

"தகட்டுல எழுத்தும் நம்பரும் இருக்குல்ல? அதச் சொல்லிக் கூப்பிட்டா ஆகாதாக்கும்?"

"அது ஆபீசுக்குண்ணே. மொதல்ல அடிச்ச ஆளு பேரச் சொன்னாத்தான் டிரைவருக்குக் கவனம் இருக்கும்."

"மாயாண்டி என் தம்பிய்யா. 'மாயாண்டி வந்துட்டான்'னு எங்க ஊரு தேனி ஸ்டேஷன்ல கூவுறீக. எங்க ஆத்தா அதக் கேட்டுட்டு தெனமும் தண்டவாளத்துக்கே வந்துருது."

ஷெட்காரர் சட்டென்று எழுந்தார். "இன்னிக்குமா? ஆத்தா பேரென்ன?"

"எதுக்குப்பா?"

"தள்ளி நிக்கச் சொல்லிக் கூப்பிடத்தான்."

தேனி வந்தது. இருவரும் கதவில் தொங்கியபடி, "பேச்சியாத்தா, தள்ளி நில்லு!" என்று கத்தினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வண்டி நின்ற பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கிழவி எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எம்மகன் இல்லையே" என்று திரும்பி நடந்தாள்.