முன்வரிசை இருமல்

எனக்குத் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். தூசி பழகிய சங்கதி. சங்கச் செயலாளர் ஐயா, நீங்கள் நிதானமாகச் சொல்லச் சொன்னதால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அண்ணன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆயுள் முழுக்க ஊரை வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதித்தவர், ஓய்வு பெற்றதும் எல்லோரையும் மூடச் சொன்னார். ஞாயிறு மதியம் வீட்டுக் கூடத்தில் ரசிகர்கள் கூடிப் பழைய கச்சேரி டேப்புகளைக் கேட்பார்கள். ஃபேன் ஓடாது. மிக்ஸி ஓடாது. பேங்க் மேனேஜர் லேசாகக் குறட்டை விடுவார்; அதற்கு மட்டும் லயித்துப்போதல் என்று பெயர். ஸ்பீக்கர் சாய்ந்திருக்கும் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் அறை.

இவர்கள் வாசிப்பைக் கேட்பதைவிட, கேட்க வந்தவர்களைத்தான் அதிகம் கேட்பார்கள். நாற்காலி கிரீச்சிட்டால் இந்த மண்டபம், குழந்தை அழுதால் இந்த வருடம். டேப்பின் ஜாதகமே அதில்தான். ஒரு வயலின் மேதையின் கடைசிக் கச்சேரியைப் பற்றி இவர்களிடம் ஒரு கதை உண்டு. அவர் நாதத்தை நூலாக இழைத்துக்கொண்டுபோன இடத்தில் முன்வரிசையில் யாரோ இருமினார்களாம். அவர் நிறுத்திப் புன்னகைத்து, அந்த அடியை மறுபடி வாசித்தாராம். கதை எல்லோரிடமும் இருந்தது. டேப் யாரிடமும் இல்லை.

பழைய சாமான் கடையில் அண்ணன் பெயர் தெரியாத ஒரு வயலின் டேப்பைப் பிடித்து வந்தார். ஞாயிறன்று போட்டார். வயலின் மெலிந்தது, நின்றது. சரியாக அப்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு டீ புரையேறியது.

"யோவ் மேனேஜர், எழுந்திருய்யா. கேட்டீரா?"

"கேட்டேன் டாக்டர். முன்வரிசை."

"அதே இருமல்தான் சார், சந்தேகமே இல்லை," என்றார் கட்டடப் பொறியாளர். அந்தக் கச்சேரி நடந்தபோது அவர் பிறக்கவில்லை.

மறுபடி கேட்பதற்காக டேப்பைச் சுற்றினார்கள். நான் யோசித்தேன். இப்போது இருமல் வராவிட்டால் அண்ணன் முகம் என்னவாகும்? இருமினேன். பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஞாயிறுகளில் நான் வெளியே போவதில்லை. டேப் தேய்ந்துவிடும் என்பதால் மற்ற நாளில் அண்ணன் அதைத் தொடமாட்டார்; நகல் எடுத்தால் ஜீவன் போய்விடும் என்பதால் யாருக்கும் தரமாட்டார். எனக்கும் கை, அதாவது தொண்டை, படிந்தது. முதலில் வெறும் கமறல்தான். போகப்போகக் கொஞ்சம் உருக்கம் சேர்த்தேன். "ஒவ்வொரு தடவையும் இந்த இருமல் புதுசா ஏதோ சொல்லுது சார்," என்று பொறியாளர் கண் கலங்கினார். அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அண்ணன் தொழில்முறை ஆராய்ச்சியும் செய்தார். "இருமினவருக்கு இடப்பக்கம் கடைவாய்ப் பல்லு கிடையாது. காத்து சைடுல போகுது." என் பற்கள் முழுசாக இருக்கின்றன. பரிசோதித்தவரும் அவர்தான்.

உங்கள் சங்கம் பெரிய அரங்கில் அந்த டேப்பைப் போட்டு அவரைக் கௌரவிப்பதாக அறிவித்தது. அந்த வாரம் அண்ணன் என் அறைக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"டேய், வீட்லயே ஈரம் ஏறாத ரூம் இதுதான்டா. டேப்பையெல்லாம் இங்க மாத்திடலாம்னு இருக்கேன்."

"நான் எங்கண்ணா போறது?"

"உனக்கென்னடா, மனுஷன். எங்க வேணா இருந்துக்கலாம். டேப்புன்னா பூஞ்சை பிடிச்சிரும்."

நியாயமான பேச்சு. விழா முடிந்ததும் காலி செய்கிறேன் என்றேன்.

அரங்கில் முன்வரிசையில், ஸ்பீக்கரை ஒட்டி எனக்கு இடம் போட்டிருந்தார்கள். அண்ணி என் கையில் ஒரு இருமல் மிட்டாயைத் திணித்தார். "சபையில இருமித் தொலைச்சிடாதீங்க தம்பி. அவர் மானம் போயிடும்." அண்ணி பேச்சை நான் தட்டியதே இல்லை.

அண்ணன் அந்த இருமலைப் பற்றி உரையாற்றினார். பிறகு டேப் ஓடியது. வயலின் மெலிந்தது, நின்றது. அண்ணனின் ஆள்காட்டி விரல் கூரையைப் பார்த்து உயர்ந்தது. வயலின் மறுபடி கிளம்பிப் போய்விட்டது. இருமலைக் காணோம். டேப்பைப் பின்னால் ஓட்டினார். மீண்டும் விரல், மீண்டும் நிசப்தம். பண்புள்ள சபை, ஒருவர்கூட இருமவில்லை. அடுத்த முறை விரல் தானாகக் கீழே இறங்கியது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பல் பார்க்கும்போதுகூட அவ்வளவு கவனமாக என்னைப் பார்த்தவரில்லை.

அவர் வீட்டில் டேப்போடு இருமலை ஒட்டவைத்து ஊரை ஏமாற்றினார் என்று சங்கத்திலிருந்து நீக்கப் போகிறீர்களாம். அது அநியாயம். அண்ணன் யோக்கியர். அத்தனை இருமலும் என்னுடையது. அன்றைக்கு இருமாததும் என்னுடையதுதான். அதன்பிறகு அவர் டேப் எதுவும் போடவில்லை. அறையையும் யாரும் கேட்கவில்லை. ஃபேன் நன்றாக ஓடுகிறது.

மிட்டாய் தொண்டையை அடைத்துக்கொண்டதால் இருமல் வரவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு நம்பிவிட்டார். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அண்ணனின் உரை கொஞ்சம் நீளம். மிட்டாய் அதன் பாதியிலேயே கரைந்துவிட்டது.