தூரில் இருக்கும் சாமி

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஜீப்பில், எனக்கு எதிரே கூலிக்காரர்கள் இருவர்.

"குடிய விட்டதுல இருந்து கோயில் பக்கமே காணோமே மாப்ளே?" என்று மீசைக்காரர் சீண்டினார்.

"எனக்குச் சாமி ஏலச்செடித் தூர்ல இருக்கு மாமா. காய் அங்கதான காய்க்குது? குனியாம எடுக்க முடியுமா? குனியிறப்பல்லாம், 'இன்னைக்குக் குடிக்க விடாத அப்பனே'ன்னு கும்பிட்டுக்கிறேன்," என்றார் ஒல்லியானவர்.

"மேட்டுல சாராயக்கடை வருமே, அங்க ஏது செடி?"

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற, அந்தக் கடை முன்னாலேயே ஜீப்பு நின்றது. ஒல்லியானவர் இறங்கிக் கடைப்பக்கம் நடந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

வாசலில் குனிந்து தரையைத் தொட்டார். நிமிர்ந்து, சிரித்தபடி திரும்பி வந்தார்.

"செடி எதுக்கு மாமா? குனிஞ்சாப் போதும். வெரசா ஏறுங்க, சோலி கெடக்கு."

மீசைக்காரர் கடைக்குப் போக வெளியே வைத்திருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.