நாடீனின் குளத்துக்கு நான் போட்ட குழாய்

குளத்துத் தண்ணீர் அடிவரை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பொன்றும் இல்லை, கிளாடெட். நம் குளச் சங்கத்துக்கே தலைவி நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஜார்ஜியா வெயிலில் மே மாதம் வந்ததும் எல்லார் வீட்டுத் தோட்டக் குளமும் பட்டாணி சூப்பாகிவிடுகிறது. ஜூனில் ஊர்க்காரர்கள் வீடு வீடாகக் குளம் பார்க்க வரும்போது, என் மனைவி நாடீன் அந்தப் பச்சைத் தண்ணீருக்கு முன்னால் நின்று, தானே சாயம் கரைத்து ஊற்றியதுபோல எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

முதலில், நீங்கள் கொண்டுவந்த கோழிக் கேசரோலுக்கு நன்றி. மீன் செத்த வீட்டுக்கும் சாப்பாடு கொண்டுவருவது நம் சங்கத்தின் அருமையான பழக்கம். இந்தக் கோடையில் நாங்கள் அடுப்புப் பக்கமே போகவில்லை. அத்தனை மீன் செத்திருக்கிறது, அத்தனை கேசரோல் வந்திருக்கிறது.

போன வாரம் பாட்டிலில் எடுத்துப்போன தண்ணீரில் செம்பு இருந்தது என்கிறீர்கள். இருக்கும். கொஞ்சம் மெதுவாகப் பேசலாம், நாடீன் சமையலறையில் இருக்கிறாள்.

சதுப்புப் படுகை கட்டித் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். குளத்தை ஒட்டி ஒரு தொட்டி, அதன் அடியில் துளை போட்ட குழாய், மேலே கூழாங்கல், கல்லில் கல்வாழையும் சேம்பும் ஐரிஸும். பம்பு குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லுக்கு அடியிலிருந்து மேலே தள்ளும். மீன் கழித்ததையெல்லாம் வேர் தின்றுவிடும், சுத்தமான தண்ணீர் வழிந்து மறுபடி குளத்துக்கே போகும். எல்லாரும் பிளாஸ்டிக் குழாய்தான் போடுகிறார்கள். நான் ஆயுள் முழுக்கப் பிளம்பராக இருந்தவன். என் மனைவியின் குளத்துக்கு மட்டமான சரக்கைப் போட மனம் வரவில்லை. முழுக்கச் செம்புக் குழாயே போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் தீயால் சூடாக்கிப் பற்றவைத்தேன்.

செம்பு மீனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். குளம் பார்க்க வருகிறவர்கள் வேண்டிக்கொண்டு செம்புக் காசு போடப்போனால், நாடீன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். "காசு போடாதீங்க கண்ணு, செம்பு என் பிள்ளைங்களுக்கு விஷம்" என்பாள். வருஷா வருஷம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் என்றால் மீன்கள். வெள்ளை உடம்பில் கறுப்புத் தொப்பி வைத்தவன் டீக்கன். பிஸ்கட், மிஸ் ஆர்லீன் என்று மற்றவர்கள். காலையில் எழுந்ததும் நாடீனின் முதல் வணக்கம் டீக்கனுக்கு. "வாடா என் ராசா, பசிக்குதா?" என்று உள்ளங்கையில் தீனி வைத்து ஊட்டி, தின்று முடிக்கும்வரை நெற்றியைத் தடவிக்கொடுப்பாள். பிறகு உள்ளே வந்து என்னைப் பார்த்தால், "ராய்ஸ், காலை எடு, கூட்டணும்" என்பாள். நான் ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் விருந்து வைத்தார்கள். வீட்டுப் பக்கம் மின்சாரம் போய்விட்டது என்று போன் வந்ததும், பம்பு நின்றிருக்குமே என்று பாதியில் எழுந்து போய்விட்டாள். கேக்கை நான் தனியாக வெட்டினேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். மீனைப் பார்த்துப் பொறாமைப்பட நான் என்ன சின்னப் பிள்ளையா.

தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. ஜூனில் எல்லாரும் எங்கள் குளத்துக்கே ஓட்டுப் போட்டார்கள், நீங்களே வந்து பரிசு நாடாவைச் சட்டையில் குத்திவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் நாடீன் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன். அன்றைக்கே குழாயைப் பிடுங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் கூட்டம் கலைந்ததும் அவள் டீக்கனிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பிஸ்கட் மிதந்தான். நாடீன் என் தோளில் சாய்ந்து அழுதாள். வெகுகாலமாகச் சும்மா கிடந்த தோள். அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

அவளிடமிருந்த சோதனைப் பெட்டியை வைத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெட்டி செம்பைக் காட்டாது. பிறகு அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். ஒருநாள் குளத்தில் ஹோஸை விட்டுவிட்டு மூடாமல் மறந்து போயிருக்கிறாள். நகராட்சித் தண்ணீரில் குளோரின்.

"நான்தான் கொன்னுட்டேன், ராய்ஸ். என் கையாலயே கொன்னுட்டேன்."

"யாருக்குத்தான் மறதி வராது? விடு" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? மறதி எல்லாருக்கும் வரும்தானே. அதன்பிறகு பாவம், குளோரினை எடுக்கும் மருந்தைக் கலந்து கலந்து தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். நம் ஊர்த் தண்ணீர் மென்மையானது. மென்மையான தண்ணீர் செம்பை நன்றாகக் கரைக்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒருவர் போனார். டீக்கன் கடைசிவரை தாக்குப்பிடித்தான். அவன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இப்போது நாடீன் உங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை, கார் ஓட்டுவதில்லை. தன்னை நம்ப முடியவில்லையாம். குழாயைத் திறப்பதற்கு முன் "திறக்கட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாள். ஒரு பிளம்பருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும், சொல்லுங்கள். நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம். சேர்ந்து தொலைக்காட்சி பார்க்கிறோம். நாற்பது வருஷக் கல்யாணத்தில் இவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை.

நீங்கள் தண்ணீர் எடுத்துப்போன மறுநாள், கல்வாழையையாவது சங்கத்துக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று அவள் படுகையைத் தோண்டினாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை குழாயில் பட்டது. மேலே படிந்த சேற்றைத் துடைத்துவிட்டு மண்டியிட்டபடியே ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு உள்ளே வந்து கை கழுவினாள்.

"அது செம்பா, ராய்ஸ்?"

"ஆமா. நல்ல சரக்கு."

"இணைப்பெல்லாம் எவ்வளவு நேர்த்தியா பத்தவச்சிருக்க."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. துக்கத்தில் அந்தக் காசு சமாச்சாரமெல்லாம் மறந்துபோயிருக்கும். இல்லையென்றால் புரிந்துகொண்டு மன்னித்துவிட்டாள். அவள் தங்கமான மனுஷி. அதனால் நீங்களும் அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுபடி ஏன் மனதைப் புண்படுத்த வேண்டும்?

அன்றிலிருந்து என்னை அவள் கவனிக்கிற கவனிப்பே தனி. சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த பழைய செம்புக் கூஜாவைக் கழற்றி, உள்பக்கத்து ஈயப்பூச்செல்லாம் போகத் தேய்த்து எடுத்தாள். ராத்திரியே அதில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சை பிழிந்து ஊறவைத்து, காலையில் என் கையில் கொடுக்கிறாள். நான் முழுவதும் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுக்கிறாள். "இன்னும் கொஞ்சம் குடி, என் ராசா" என்கிறாள். காசை நாக்கில் வைத்ததுபோல ஒரு ருசி. நாலைந்து நாளாக வயிற்றைப் புரட்டுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. வயசாகிறது, வேறென்ன.

இதோ வருகிறாள். உங்களுக்கு மட்டும் கண்ணாடி டம்ளரில் தேநீர் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கிளாடெட். அந்தக் கூஜா எனக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் அதில் கொடுக்க மாட்டாள்.