பால் பொங்கிய அடுப்பு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, அரைநாள் கூலியை விட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே, கடைசி வரிசையில் கம்பெனிச் சீருடையோடு நிற்கும் அக்காமார்களே! பத்தாம் வகுப்பு அறிவுமதியின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு வீடு. ஒரகடத்தில் செய்யும் காருக்குக் கூரை உண்டு, கைப்பேசிக்குப் பெட்டி உண்டு. அவற்றைச் செய்யும் கைகளுக்கு என்ன உண்டு? வாடகை உண்டு என்கிறார் முன்வரிசை மாமா. உண்மை மாமா. வாடகை உண்டு, வீடுதான் இல்லை!

வல்லக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பெண் தொழிலாளர் விடுதிக்குக் கேட்டார், ஆலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஒப்பந்தக்காரர். வீட்டுக்காரர் கன்னியப்பன் தாத்தா சம்மதித்தார். தை பிறந்ததும் நாங்கள் காலி செய்ய வேண்டும். அம்மா மஞ்சுளாவும் நானும் தண்டலம் முதல் மணிமங்கலம் வரை தேடினோம். கம்பெனிக்குத்தான் தருவோம் என்றது ஒரு கதவு. ஆண் துணை இல்லையா என்றது இன்னொரு கதவு. பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம். படிப்பை நிறுத்தி என்னை வெளியூர்ச் சித்தியிடம் அனுப்ப அம்மா முடிவெடுத்தார்.

காலி செய்யும் நாள் காலையில், விடுதியில் தங்கப் பன்னிரண்டு அக்காமார் பைகளோடு வந்தார்கள். புதுக்குடி போனால் பால் காய்ச்ச வேண்டுமே? பால் இருந்தது, அடுப்பு இல்லை. மூட்டை கட்டிய எங்கள் அடுப்பை அவிழ்த்துக் கொடுத்தார் அம்மா. வீட்டை இழப்பவர், வீட்டுக்கு வருபவருக்கு அடுப்புத் தந்தார்!

பால் பொங்கியது. தென்காசிப் பக்கத்து மரகதம் அக்கா எங்கள் மூட்டைகளைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றார் அம்மா. அக்கா, சாவி வாங்க வந்திருந்த தாத்தாவிடம் திரும்பினார்.

"தாத்தா, பால் பொங்குன அடுப்ப வீட்டவிட்டு அனுப்பலாமா? ஒங்களுக்கே நல்லாருக்குமா?"

"இன்னாம்மா நீ, அப்போ பன்னெண்டு பேரும் எங்க படுப்பீங்க?"

"பாதிப் பேரு பகல் ஷிப்ட், பாதிப் பேரு நைட்டு. ஆறு பாய் போதும். சமையக்கட்டும் பக்கத்து ரூமும் அவங்களுக்கு."

"ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் லீவாச்சே?"

"மொட்டமாடி."

அக்காமாரை அழைத்து வந்திருந்த ஒப்பந்தக்காரர் முறைத்தார். பன்னிரண்டு பேரும் பைகளைத் திரும்பத் தோளில் மாட்டினார்கள். அவர் முறைப்பதை நிறுத்தினார். படிப்பு நிற்காமல் நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

அவையோரே, இடமிருப்பவர் இடம் தருவது இயல்பு. இடமே இல்லாதவர் இடம் தந்தாரே, அதை எந்தச் சொல்லால் போற்றுவேன்? ஆனால், ஆயிரம் ஆலை எழுப்பத் தெரிந்த நாம், ஆறு பாயில் பன்னிரண்டு பேரை எத்தனை நாள் படுக்க வைப்போம்? ஆள்வோரே, ஆலை நடத்துவோரே, எங்கள் கூலிக்குக் கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டுங்கள். கட்டி முடிக்கும் நாளில் பால் காய்ச்ச, அந்த அடுப்பை நானே சுமந்து வருகிறேன்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நிற்கும் மரகதம் அக்காவுக்கும் நன்றி, வணக்கம்.